ஒப்பந்தம் எழுதாத உறவு
கடலூர்க் கரை – 12

கம்போஜ நாட்டு மன்னன் சோழனுக்குக் காட்சிப்பொருளாகக் காட்டிய கல் ஒன்று சிதம்பரம் கோயிலின் எதிரம்பலத்தில் பதிக்கப்பட்டதைச் சென்ற இதழில் பார்த்தோம். முதலாம் குலோத்துங்கன் காலத்து 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு அந்தச் செய்தியைச் சொல்கிறது. அது முடிசூடிய இருவருக்கிடையிலான உறவு. சோழ அரசு போயிற்று, அங்கோர் அரசும் போயிற்று, கல்வெட்டு மட்டும் மிஞ்சியது. இந்த இதழில் வருகிறவர்களில் ஒருவருக்கும் முடி கிடையாது. ஒரு துறவி, ஒரு பள்ளி ஆசிரியர், அச்சுக்கூடம் நடத்திய ஒரு புலவர், ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். எல்லாரும் கடலுக்கு அப்பாலிருந்து சிதம்பரத்துக்கு வந்தவர்கள். இவர்கள் உண்டாக்கிய உறவு நானூறு ஆண்டுகளாக அறுபடாமல் இருக்கிறது.

ஊருக்கும் ஊருக்கும் உறவு என்பதை இன்று ‘சகோதர நகரம்’ என்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1944இல், குண்டுவீச்சில் சிதைந்த இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரம் அதே துயரைப் பட்ட ஸ்டாலின்கிராடோடு உறவு பூண்டது. அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1956இல் இதை ஓர் இயக்கமாக்கினார். நாடுகளின் தூதர்கள் பேசுவது போதாது, குடிமக்கள் நேருக்கு நேர் பழக வேண்டும் என்பது அவர் எண்ணம். 1984இல் சென்னையும் அமெரிக்காவின் டென்வர் நகரமும் இப்படி இணைந்தன. 2016இல் யாழ்ப்பாணம், லண்டனின் ஒரு பகுதியான கிங்ஸ்டனோடு இணைந்தது. ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய பகுதி அது.

சிதம்பரம் நகராட்சிக்கும் யாழ்ப்பாண மாநகர சபைக்கும் நடுவே அப்படி ஒரு தாள் கையெழுத்தாகவில்லை. ஆனால் தமிழகத்தில் வேறெந்தச் சிற்றூருக்கும் கடல் கடந்த ஓர் ஊரோடு இவ்வளவு நெருக்கம் வாய்த்ததில்லை என்று துணிந்து சொல்லலாம்.

தொடக்கம் புராணத்தில் இருக்கிறது. ஈழத்து அரசன் தன் பௌத்த குருவோடும் வாய்பேசாத மகளோடும் தில்லைக்கு வந்தான், குரு மாணிக்கவாசகரோடு வாதிட்டார், அந்தப் பெண் வாய்திறந்து விடை சொன்னாள் என்பது கதை. திருவாசகத்தின் திருச்சாழல் இந்த வாதத்தில் பிறந்ததாக மரபு சொல்கிறது. கடவுள் மாமுனிவரின் திருவாதவூரடிகள் புராணம் இதை விரித்துப் பாடியது. அந்தப் புராணத்தை இன்றும் மார்கழித் திருவெம்பாவை நாட்களில் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் வாசிக்க ஒருவர் பயன் சொல்ல ஊரே உட்கார்ந்து கேட்கிறது. வரலாறாக இதை நிறுவ முடியாது. ஆனாலும் ஈழமும் தில்லையும் முதன்முதலில் சந்தித்ததாகச் சொல்லப்படும் கதையே ஒரு வாதத்தில்தான் தொடங்குகிறது. பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது இது மிகப் பொருத்தம்.

வரலாறு 17ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 1619இல் போர்த்துகீசியர் யாழ்ப்பாண அரசை வீழ்த்தினார்கள். நல்லூர்க் கந்தசாமி கோயில் இடிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியைச் சேர்ந்த ஓர் இளைஞரைப் பற்றி அங்கே வழிவழியாக ஒரு செய்தி சொல்கிறார்கள். போர்த்துகீசிய அதிகாரியின் சாப்பாட்டுக்கு வீட்டுக்கொன்றாக முறைவைத்துப் பசு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. முறை இவருடைய வீட்டுக்கு வந்தது. விடிந்தால் பசுவை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இரவோடு இரவாக ஊரைவிட்டு வெளியேறிக் கடல் கடந்தார். வடக்கே போய் வடமொழி கற்று, திருவண்ணாமலை ஆதீனத்தில் துறவு பெற்று, ஞானப்பிரகாச முனிவராகச் சிதம்பரத்தில் தங்கினார். சிவஞான சித்தியாருக்கு அறுவர் உரை உண்டு. அந்த அறுவரில் இவர் ஒருவர்.

உரையைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குளத்தை எல்லாரும் அறிவார்கள். சிதம்பரத்தில் அவர் வெட்டிய திருக்குளம் ‘ஞானப்பிரகாசம் குளம்’ என்றே இன்றும் வழங்குகிறது. வழிகேட்டால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி காட்டுகிறார்கள். ஊரை விட்டு ஓடிவந்த ஒருவர் வந்த ஊரின் நிலவரைபடத்தில் தன் பெயரை எழுதியது இப்படி. அடைக்கலம் கொடுத்த ஊருக்கு அவர் தண்ணீர் கொடுத்தார்.

போர்த்துகீசியருக்குப் பின் 1658இல் யாழ்ப்பாணம் டச்சுக்காரர் கைக்குப் போனது. அதே டச்சுக் கம்பெனிக்குக் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் பண்டகசாலைகள் இருந்தன. துணி, உப்பு, அரிசி, புகையிலை ஏற்றிய தோணிகள் இரு கரைக்கும் போய்வந்தன. அடியார்கள் அந்தத் தோணிகளிலேயே ஏறிச் சிதம்பரம் வந்தார்கள். திரும்பிப்போய்த் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியைத் தில்லைக்கு எழுதிவைத்தார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் விளையும் நெல்லும் தென்னை வருமானமும் சிதம்பரத்து மடங்களில் அன்னதானத்துக்கும் பூசைக்கும் என்று ஏற்படுத்திய தர்மங்கள் பல. நிலம் ஒரு நாட்டில், சோறு ஒரு நாட்டில். இதை எழுதிவைத்தவர்களுக்கு இரண்டும் வேறு நாடு என்ற நினைப்பே இருந்திருக்காது.

இனி ஆறுமுக நாவலர்.

1822இல் நல்லூரில் பிறந்தவர். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரிடம் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பெர்சிவலின் பைபிள் தமிழாக்கத்துக்குத் துணைநின்றவர். மிஷன் பள்ளிகளின் பலம் எதில் இருக்கிறது என்பதை உள்ளேயிருந்து பார்த்தவர். பாடநூல், அச்சுக்கூடம், வகுப்பு ஒழுங்கு, பிரசங்கம் ஆகிய நான்கிலும் இருக்கிறது என்று கண்டுகொண்டார். அதே நான்கையும் சைவத்துக்காகக் கையில் எடுத்தார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மறு ஆண்டு அச்சுயந்திரம் வாங்கச் சென்னைக்கு வந்த வழியில் திருவாவடுதுறை ஆதீனம் ‘நாவலர்’ பட்டம் கொடுத்தது.

1864இல் அவர் சிதம்பரத்தில் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். கடலூர் நகராட்சி 1866இல் ஏற்பட்டது. சிதம்பரம் நகராட்சி 1873இல். யாழ்ப்பாணம் மாநகர சபையானது 1949இல். கையெழுத்துப் போடுவதற்கு இரு கரையிலும் ஒரு நகரசபைகூட இல்லாத காலத்தில், ரயில்கூடச் சிதம்பரத்துக்கு வராத காலத்தில், கடல் தாண்டி வந்த ஓர் ஆசிரியர் இந்த ஊரில் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறார். பணம் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார் கொடுத்தது.

வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் பொதுவாகச் சிதம்பரத்தில் மண்டபம் கட்டுவார்கள், மடம் கட்டுவார்கள், கட்டளை வைப்பார்கள். நாவலர் கட்டியது வகுப்பறை. அங்கே பிள்ளைகள் கையில் இருந்தவை அவரே எழுதி அச்சிட்ட நூல்கள்: பாலபாடம், சைவ வினாவிடை, இலக்கணச் சுருக்கம். பாலபாடத்தைத் திறந்து பார்த்தால் அவருடைய கை தெரியும். சின்னச் சின்ன வாக்கியங்கள். சந்தியைப் பிரித்துப் போட்ட சொற்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டும் புள்ளிகள். முதல் புத்தகத்தில் எளிய நீதி, மேலே போகப்போகக் கடவுள், அறம், உடல்நலம் என்று படிப்படியாக ஏறும். செய்யுளை நெட்டுருப் பண்ணிக்கொண்டிருந்த திண்ணைப் பள்ளிப் பிள்ளைக்கு உரைநடையில் படித்துப் பொருள் தெரிந்துகொள்ளும் பழக்கம் இப்படி வந்தது. ஒரே பாலபாடத்தை வண்ணார்பண்ணையிலும் சிதம்பரத்திலும் பிள்ளைகள் உரக்க வாசித்தார்கள். இரு ஊர்களைச் சேர்த்துக் கட்டியதில் இந்தச் சின்னப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தப் பள்ளி இன்றும் ஆறுமுக நாவலர் பெயரில் மேல்நிலைப் பள்ளியாகச் சிதம்பரத்தில் நடக்கிறது.

உறவு என்றதும் பூமாலையும் பொன்னாடையும் மட்டும் நினைவுக்கு வரக்கூடாது. நாவலர் சிதம்பரத்தில் சண்டையும் போட்டார். கோயில் வழிபாடு ஆகம முறைப்படி நடக்க வேண்டும் என்று தீட்சிதர்களோடு முரண்பட்டார். அதைவிடப் பெரிய சண்டை வள்ளலார் எனப்படும் வடலூர் இராமலிங்க சுவாமிகளோடு. வள்ளலார் பிறந்தது சிதம்பரத்தை அடுத்த மருதூரில், 1823இல். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. வள்ளலாரின் பாடல்கள் 1867இல் ‘திருவருட்பா’ என்ற பெயரில் அச்சேறின. திருமுறைகளுக்குரிய பெருமையை வாழும் ஒருவரின் பாடல்களுக்குக் கொடுப்பதா என்று நாவலர் மறுப்பு எழுதினார். பதிலுக்குப் பதில் துண்டு நூல்கள் பறந்தன. 1869இல் சிதம்பரம் கோயிலில் நடந்த ஒரு கூட்டத்தில் தம்மை இழித்துப் பேசியதாக வள்ளலார்மேலும் தீட்சிதர்கள்மேலும் நாவலர் வழக்குப் போட்டார்.

வழக்கு மஞ்சக்குப்பத்தில் நடந்தது. தென்னார்க்காடு மாவட்டத்தின் கச்சேரிகளெல்லாம் இருந்த இடம் அது. அன்று என்ன நடந்தது என்பதில் இரு கட்சியாரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. வள்ளலார் நீதிமன்றத்துக்குள் வந்தபோது வழக்குத் தொடுத்த நாவலரே எழுந்து நின்றார், அதைக் கண்ட நீதிபதி வழக்கைத் தள்ளினார் என்பது வள்ளலார் அன்பர்கள் சொல்வது. வள்ளலார் தாம் அப்படிச் சொல்லவில்லை என்றார், தீட்சிதர் ஒருவருக்கு அபராதம் விழுந்தது என்பது நாவலர் பக்கத்தார் எழுதியது. எது சரியாக இருந்தாலும், கடலுக்கு அப்பாலிருந்து வந்த ஒருவர் இந்த மண்ணின் பெரியவர்மேல் இந்த மண்ணின் நீதிமன்றத்திலேயே வழக்குப் போட்டார். அவரை ஊர் அந்நியராக நடத்தியிருந்தால் இது நடக்காது. விருந்தாளி வழக்குப் போடுவதில்லை. பங்காளிதான் போடுவான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். பசித்தவருக்குச் சோறு போடும் அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை. பத்தாண்டு கழித்து யாழ்ப்பாணத்தில் பஞ்சமும் வாந்திபேதியும் வந்தபோது நாவலர் வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். பாட்டின் பெயரில் பகைத்துக்கொண்ட இருவரும் பசி என்று வந்தபோது ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். சண்டையை விரிவாக எழுதும் நூல்கள் இதை ஏனோ சேர்த்துச் சொல்வதில்லை. சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாவலர் 1879இல் காலமானார். அவர் விட்ட இடத்தில் வடகோவை சபாபதி நாவலர் வந்து நின்றார். கோப்பாயிலிருந்து வந்து சிதம்பரம் வித்தியாசாலையில் ஆசிரியராக இருந்தார், இங்கேயே அச்சுக்கூடம் வைத்தார், 1899இல் ‘திராவிடப் பிரகாசிகை’ வெளியிட்டார். தமிழிலக்கிய வரலாற்றைத் தமிழிலேயே எழுத முயன்ற முதல் நூல்களில் ஒன்று அது. அருட்பா விவாதமும் சென்னைக்கு நகர்ந்தது. மேலைப்புலோலி நா. கதிரைவேற் பிள்ளை ஒருபக்கம், அருட்பாவுக்காகக் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் மறுபக்கம். சைவப் பாடலுக்காக ஒரு முஸ்லிம் புலவர் மேடையேறினார். கதிரைவேற் பிள்ளையின் மாணவர் திரு.வி.க. பின்னாளில் வள்ளலாரைப் போற்றி நூல் எழுதினார். யாழ்ப்பாணத்து ஆசிரியரும் தமிழ்நாட்டு மாணவரும் எதிரெதிர்க் கருத்துக்கு வந்தும் மாணவர் தம் ஆசிரியரைக் கடைசிவரை மதித்தார்.

1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்ததும் இந்த உறவுக்குப் பெரிய வீடு கிடைத்தது. ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரிதான் திருவேட்களத்தில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931இல் அழைக்கப்பட்டவர் ஈழத்தின் சுவாமி விபுலாநந்தர். யாழ்ப்பாணத்தவர் அல்லர், மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் 1892இல் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், ராமகிருஷ்ண மடத்துத் துறவி. தமிழ்நாட்டில் அறிஞர்கள் நிறைந்திருந்த காலத்தில் தமிழ்ப் பேராசிரியர் நாற்காலிக்குக் கடல் தாண்டி ஆள் தேடினார்கள். இன்று நினைத்துப் பார்க்க முடியுமா?

இரண்டு ஆண்டுகளே இருந்தார். அதற்குள் பாரதி பாடல்களைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தார். பாரதியைப் பண்டிதர்கள் புலவராக ஏற்கத் தயங்கிய நேரம் அது. மாலை நேரங்களில் திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். சிலப்பதிகார அரங்கேற்று காதையை வைத்துப் பழந்தமிழர் இசையை ஆராயும் வேலையிலும் இறங்கினார். மறைந்துபோன யாழ்க் கருவிகளின் நரம்பையும் சுருதியையும் கணக்குப் போட்டு மீட்கும் வேலை அது. விஞ்ஞானம் படித்தவர் என்பதால் அவருக்கு அது கைவந்தது. 1947 ஜூனில் திருக்கொள்ளம்புதூர்க் கோயிலில் ‘யாழ் நூல்’ அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார்.

அதே நாற்பதுகளில் இன்னொருவர் சிதம்பரத்துக்குத் தமிழ் படிக்க வந்தார். ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் 1913இல் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகள். ரோமாபுரியில் இறையியல் படித்த கத்தோலிக்கப் பாதிரியார், பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்தவர், சங்க இலக்கியம் கற்பதற்காக அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். சங்கப் பாடல்களில் இயற்கை அவருடைய ஆய்வுப் பொருள். முடித்ததும் உலகத்தைச் சுற்றினார். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தமிழைப் பற்றிப் பேசினார். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். போர்த்துகீசியர் காலத்துத் தமிழ் அச்சு நூல்களை ஐரோப்பிய நூலகங்களில் தேடிக் கண்டு உலகுக்குச் சொன்னார். 1964இல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானபோது முன்னின்றவர்களில் இவர் ஒருவர். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில். பிறகு சென்னை, பாரிஸ், 1974இல் யாழ்ப்பாணம்.

எந்த அரசும் இவரைத் தூதராக நியமித்ததில்லை. குடிமக்கள் தூது என்று ஐசனோவர் எதைக் கருதினாரோ அதை இந்தப் பாதிரியார் அதற்கு முன்பே செய்துகொண்டிருந்தார். அதற்கான படிப்பை அவர் படித்த இடம் சிதம்பரம்.

கொடுக்கல் வாங்கல் ஒருபக்கமாக இருந்துவிடவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைக் கல்லூரியின் ‘சங்கீத பூஷணம்’ பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட இசை ஆசிரியர்கள் யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் ஒரு தலைமுறைக்கே பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். காவிரிக் கரை நாகசுர, தவில் கலைஞர்கள் யாழ்ப்பாணத் திருவிழாக்களுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கினார்கள். சிலர் அங்கேயே குடியேறினார்கள். காரைநகர்ச் சிவன் கோயிலுக்கு ‘ஈழத்துச் சிதம்பரம்’ என்றே பெயர். தில்லையில் மார்கழித் திருவாதிரைத் தேர் ஓடும் நாட்களில் காரைநகரிலும் தேர் ஓடும்.

1983க்குப் பிறகு வழி மாறியது. ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ஓடிய கப்பல் நின்றது. அடியாராகவும் மாணவராகவும் வந்தவர்கள் அகதிகளாக வந்தார்கள். கடலூர் மாவட்டத்திலும் முகாம்கள் ஏற்பட்டன. சிதம்பரத்து மடங்களுக்குச் சோறு போட்ட யாழ்ப்பாண நிலங்களிலிருந்து வருமானம் வருவது தடைப்பட்டது, பராமரிக்க ஆளில்லாமல் கட்டடங்கள் பாழடைந்தன. இந்த முப்பது ஆண்டு இடைவெளியில் போனது நிறைய. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குச் சிதம்பரம் புராணத்தில் வரும் ஊராக மட்டும் ஆனது. சிதம்பரத்துப் பிள்ளைக்கு யாழ்ப்பாணம் போர்ச் செய்தியில் வரும் ஊராக மட்டும் ஆனது.

இப்போது வழி மறுபடி திறக்கிறது. 2019 நவம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் பறந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் விடப்பட்டது, நின்று மறுபடி 2024 ஆகஸ்டில் தொடங்கியது. காலையில் நாகையில் ஏறினால் மதியத்துக்குள் காங்கேசன்துறை. நாகையிலிருந்து சிதம்பரம் பேருந்தில் சில மணி நேரம்தான்.

இந்த நிலையில் சிதம்பரமும் யாழ்ப்பாணமும் முறைப்படி சகோதர நகரங்களாவது நல்லது. வெளியுறவு அமைச்சகத்தின் இசைவு வேண்டும், வேலை மெதுவாகத்தான் நடக்கும், என்றாலும் முயலலாம். ஆனால் ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது என்பதில் கவனம் வேண்டும். ‘கலாசாரப் பரிமாற்றம்’ என்று பொதுவாக எழுதினால் இரு தரப்பிலும் சில பிரமுகர்கள் போய்வந்து படம் எடுத்துக்கொள்வதோடு முடியும். யாழ்ப்பாணத்தாரின் மடங்கள் எவை, எந்த நிலையில் இருக்கின்றன, அவற்றின் பத்திரங்கள் எங்கே என்று இரு ஊராரும் உட்கார்ந்து பட்டியல் எடுக்கலாம். நாவலர் பள்ளி மாணவர்களும் வண்ணார்பண்ணை மாணவர்களும் ஆண்டுக்கொருமுறை கப்பலேறி ஒருவர் பள்ளியில் மற்றவர் சில வாரம் படிக்கலாம். சிதம்பரத்தில் அச்சான சபாபதி நாவலர் நூல்களின் பழைய பதிப்புகளை இரு ஊர் நூலகங்களும் தேடிப் படியெடுத்துப் பகிர்ந்துகொள்ளலாம். 1981இல் நூலகத்தை நெருப்புக்குப் பறிகொடுத்த யாழ்ப்பாணத்துக்கு அப்படி ஒவ்வொரு புத்தகமும் முக்கியம்.

அடுத்த இதழில் பரங்கிப்பேட்டைக்குப் போகிறோம். போர்த்துகீசியர், டச்சுக்காரர், டேனியர், மரைக்காயர் எல்லாரும் கடை விரித்த அந்தத் துறைமுகத்தில் 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பு ஆலை தொடங்கி, இங்கே உருக்கிய இரும்பை இங்கிலாந்துக்கே அனுப்பினார். ஆலை ஏன் மூடப்பட்டது என்ற கதை சேலம் மலைகளில் தொடங்குகிறது.